வெர்னா ஹாலுஸ்கா சொன்னதைச் சொன்னபடி எழுதினாள்

நிமிடத்துக்கு இருநூற்று நாற்பது சொல். வெர்னா ஹாலுஸ்காவின் விரல்களுக்கு அந்த வேகம் உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தில் லிண்டர்வில் ஊரைச் சுற்றி நாற்பது மைலுக்குள் எந்த வக்கீல் அலுவலகத்தில் சாட்சி விசாரணை நடந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். முக்காலியில் நிற்கும் சின்னச் சுருக்கெழுத்து இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்துகொள்வாள். மொத்தமே இருபத்திரண்டு பொத்தான். மூன்று நான்கைச் சேர்த்து அமுக்கினால் ஒரு சொல் விழும். சாட்சி இருமினால் 'இருமுகிறார்' என்று விழும். வக்கீல் கெட்ட வார்த்தை சொன்னால் அதுவும் விழும். வெர்னாவின் அபிப்பிராயம் மட்டும் இருபத்தாறு வருடத்தில் ஒரு முறைகூட அதில் விழுந்ததில்லை.

வீட்டில் கதை வேறு. மணமுறிவுக்குப் பிறகு தனியாக இருந்தவளுக்குப் பேச்சுத் துணையாக இருந்தவன் தம்பி லாயிட் ஒருவன்தான். பால் டேங்கர் ஓட்டுகிறவன். விடியும் முன் கிளம்பி பண்ணை பண்ணையாகப் பால் ஏற்றி, சீஸ் ஆலையில் இறக்கிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டில் வந்து நிற்பான். வரும்போது வாய் நிறைய டர்க் ஸ்டோலைக் கொண்டுவருவான். டர்க் ஸ்டோல் உள்ளூர் வானொலியில் காலை ஆறு முதல் ஒன்பது வரை கத்துகிறவர். குடியரசுக் கட்சிக்காரர், ஜனநாயகக் கட்சி என்ற சொல்லை இருமல் மருந்து குடிப்பவர் முகத்தோடுதான் சொல்வார் என்பது வானொலியிலேயே தெரியும். அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பம் ஜனநாயகக் கட்சி. பத்து வருடம் டர்க்கைக் கேட்டுக் கேட்டு லாயிட் மட்டும் அந்தப் பக்கம் போய்விட்டான்.

2005 ஜூலை மாதம் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சண்டை முற்றியது. அந்தத் தொகுதியிலிருந்து குடியரசுக் கட்சி சார்பில் வாஷிங்டனுக்குப் போன நாடாளுமன்ற உறுப்பினர் ராய்ஸ் கிம்பல், ஊரில் இருந்த முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையைப் பற்றிப் பேசிய பேச்சுதான் காரணம்.

"கிம்பல் அப்படிச் சொல்லவே இல்லக்கா."

"சொன்னாருடா. மாட்டுக் கண்காட்சியில, என் காதால கேட்டேன். 'இந்த ஊருக்கு எதுக்கு ஒரு ஆஸ்பத்திரி'ன்னாரு."

"உன் காது கட்சிக் காது."

"என் காது சத்தியப் பிரமாணம் பண்ணின காதுடா. உன் காதுல என்ன இருக்கு? டர்க் ஸ்டோல் குடியிருக்கான்."

"அவ்வளவு பெரிய ஆளுன்னா எழுதிக் காட்டேன்! அடுத்த தடவை அந்த மிஷினைத் தூக்கிட்டுப் போயி, ஒரு வார்த்தை விடாம எழுதிட்டு வா. அப்புறம் பேசு."

லாயிட் சும்மா வாய்ச் சவடாலுக்குச் சொன்னான். வெர்னா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே ஒரு வலைப்பதிவைத் தொடங்கினாள். இலவசமாகக் கிடைத்த பக்கம், சாம்பல் நிறப் பின்னணி, ஒரு படம்கூடக் கிடையாது. பெயர், 'சொன்னது சொன்னபடி'. முதல் மூன்று வாரத்தில் வாசகர் ஏழு பேர். அதில் இரண்டு பேர் அவளே, வேலை செய்யும் இடத்துக் கணினியிலிருந்து.

ஆகஸ்ட் மாதம் தீயணைப்பு நிலையத்தில் கிம்பல் வியாபாரிகளைச் சந்திக்கிறார் என்று வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் யாரோ சொன்னார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம். ஆனால் அறிவிப்பு எங்கும் ஒட்டவில்லை. வெர்னா போனாள். தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள். பின்வரிசையில் முக்காலியை விரித்தபோது கிம்பலின் உதவியாளன் ஒருவன், தலைமுடியைப் படிய வாரியவன், அருகில் வந்தான்.

"மேடம், இது என்னது?"

"கைவலிக்குப் பயிற்சி, தம்பி. டாக்டர் சொல்லியிருக்காரு."

அவன் நம்பிவிட்டான். அந்தப் பொத்தான்கள் சத்தமே போடாது. கிம்பல் பேசத் தொடங்கினார். நல்ல பேச்சாளர், நண்பர்கள் நடுவில் இருக்கிறோம் என்ற நிம்மதியில் பேசினார். "ஆஸ்பத்திரி விஷயம் கேக்கறீங்க. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? அதை மூடச் சொன்னதே நான்தான். தொண்ணூறு மைல் தள்ளி மில்வாக்கீல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. வண்டி ஓட்டட்டும். வியட்நாம் வரைக்கும் போனவங்களுக்கு மில்வாக்கீ ஒரு தூரமா?" சிரிப்பு. வெர்னாவின் விரல் 'சிரிப்பு' என்று அடித்தது. அடுத்த வாக்கியத்தின் நடுவில் தீயணைப்பு நிலையத்துச் சங்கு அலறியது. தீயணைப்புத் தொண்டர்கள் ஆறு பேர் எழுந்து ஓடினார்கள். வெர்னா கடிகாரத்தைப் பார்த்தாள். '6.52. சங்கு. நாற்பது விநாடி பேச்சு நின்றது' என்று அதையும் அடித்தாள். பழக்கம்தான், வேறொன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் முழுவதையும் பதிவில் ஏற்றினாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு டர்க்கின் நிகழ்ச்சியில் கிம்பலே பேசினார். "டர்க், நம்ம ராணுவ வீரர்களோட ஆஸ்பத்திரிக்காக நான் வாஷிங்டன்ல ரத்தம் சிந்திப் போராடிக்கிட்டு இருக்கேன். என் பிணத்து மேலதான் அதை மூட முடியும்." சமையலறையில் காபி ஆறிக்கொண்டிருக்க, வெர்னா அதையும் அடித்தாள். இரண்டையும் அருகருகே போட்டாள். நேற்று, இன்று. தன் கருத்தாக ஒரு வரிகூட எழுதவில்லை. பிறகு வேலைக்குப் போய்விட்டாள்.

மதியம் பார்த்தபோது நாற்பத்தோரு பேர் படித்திருந்தார்கள். அவளுக்கு அதுவே திருவிழாவாக இருந்தது. இரண்டு மணிக்கு மேடிசன் நகரத்து வலைப்பதிவர் ஒருவர் அதைக் குறிப்பிட்டார். மூன்று மணிக்கு, கலிஃபோர்னியாவிலிருந்து வரும் 'எழுந்து நில்' என்ற பெரிய பதிவு முதல் பக்கத்தில் போட்டது. நாலரைக்கு ஒன்பதாயிரம். ஐந்தே காலுக்கு முப்பத்தொன்றாயிரம். எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டே வக்கீல் அலுவலகத்தில் எழுந்து நின்றுவிட்டாள். "யாருக்காவது உடம்பு சரியில்லையா, வெர்னா?" என்று வக்கீல் கேட்டார். அவள் திரையைக் காட்டினாள். ஆறு மணிக்குப் பக்கம் திறக்கவே மறுத்துவிட்டது. அவ்வளவு பேர் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் கிம்பலின் அலுவலகம் அறிக்கை விட்டது. 'ஒரு கட்சிவெறி பிடித்த பெண்ணின் கற்பனை. அவர் அந்தக் கூட்டத்திலேயே இல்லை.' டர்க் மூன்று மணி நேரமும் அதையே பிடித்துக்கொண்டார். அவளுக்கு 'டக்டக் அம்மா' என்று பெயர் வைத்தார். "டேப் எங்கே? போட்டோ எங்கே? டக்டக் அம்மா வீட்டு சோபாவுல உக்காந்து கதை எழுதியிருக்காங்க, நேயர்களே!"

லாயிட் அன்று சாப்பிட வரவில்லை. மறுநாள் வந்தான், கதவருகிலேயே நின்றான்.

"அக்கா, உண்மையைச் சொல்லு. நீ போனியா?"

"டேய், நீதானடா போகச் சொன்னே!"

"கோவத்துல சொன்னேன். நிசமாவே போவேன்னு யாரு கண்டா?"

"படிச்சியா அதை?"

"படிச்சேன்." தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "அந்த மில்வாக்கீ சிரிப்பு... அது கிம்பல் பேசற மாதிரிதான் இருக்கு."

முடிச்சை அவிழ்த்தவர் தீயணைப்பு நிலையத் தலைவர் ஹார்லன் வீட். கிம்பலுக்கு இரண்டு தடவை ஓட்டுப் போட்ட மனிதர். நிலையத்துப் பதிவேட்டைக் கையில் தூக்கிக்கொண்டு பத்திரிகைக்காரர்கள் முன்னால் நின்றார். "மாலை ஆறு ஐம்பத்திரண்டுக்குச் சங்கு அடிச்சோம். வைக்கோல் போர்ல தீ. இந்தக் குறிப்பு எங்க பதிவேட்டுல மட்டும்தான் இருக்கு, அப்புறம் அந்தம்மாவோட பதிவுல இருக்கு. கூட்டத்துல இல்லாதவங்களுக்கு எங்க சங்கு எப்படிக் கேட்டுச்சு? ஆமா, அவங்க எழுதினதுல என் தும்மல்கூட இருக்கு."

அந்தத் தும்மலைத் தேடியே இருபதாயிரம் பேர் பதிவுக்கு வந்தார்கள். இருபத்திரண்டாவது பத்தியில் இருந்தது.

இரண்டு வாரத்தில் கிம்பல் 'நான் சொன்னதன் பின்னணி வேறு' என்றார். ஒரு மாதத்தில், மருத்துவமனையை மூடக் கூடாது என்ற தீர்மானத்துக்கு அவரே கையெழுத்துப் போட்டார். முன்னாள் வீரர்கள் எட்டுப் பேர் ஒரு ஞாயிறன்று வெர்னாவின் வீட்டு வாசலுக்கு வந்து, புல்லை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் ஜன்னலுக்குப் பின்னால் நின்று விசும்பி அழுதாள். ஒரு சாம்பல் நிறப் பக்கத்துக்கு இவ்வளவு கையும் காலும் உண்டா என்று அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அதன் பிறகு ஊர் அரசியல் பழைய தடத்தில் ஓடவில்லை. அதுவரை ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் யார் என்பதைக் கட்சிப் பெரியவர்கள் நாலு பேர் ஒரு உணவகத்தின் பின்னறையில் முடிவு செய்வார்கள். 2006 தேர்தலுக்கு அவர்கள் யோசித்து முடிப்பதற்குள், வலைப்பதிவு வாசகர்கள் அனிட்டா ஓல்ஸ்டாட் என்ற கால்நடை மருத்துவரைப் பிடித்துவிட்டார்கள். கன்று ஈனும் பசுவுக்குள் தோள்வரை கையை விட்டபடி மருத்துவமனையைப் பற்றிப் பேசிய பெண். அந்தப் பேச்சையும் வெர்னாதான் எழுதிப் போட்டிருந்தாள், 'பசு கத்துகிறது' உட்பட. மினியாபொலிஸிலிருந்து பேருந்து பேருந்தாக இளைஞர்கள் வந்து கதவு கதவாகத் தட்டினார்கள். எதிர்ப்பக்கமும் சும்மா இருக்கவில்லை. கிம்பலுக்காக நாலு வலைப்பதிவு முளைத்தது. டர்க்கின் நிகழ்ச்சி நாலு மணி நேரமானது. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் இரண்டு வேறு ஊரில் வாழ்கிறவர்களைப் போலப் பேசிக்கொண்டார்கள்.

வெர்னா எல்லாக் கூட்டத்துக்கும் போனாள். கேட்பதையெல்லாம் எழுதினாள். அவ்வளவு பரபரப்பாக அவள் வாழ்ந்ததே இல்லை.

அக்டோபர் 26. உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து அரங்கில் கிம்பலும் அனிட்டாவும் நேருக்கு நேர் விவாதம். ஈராக் போர் பற்றிய கேள்விக்குக் கிம்பல் எழுந்து சொன்னார்: "நம்ம பிள்ளைங்க அங்க வீணா சாகுறாங்கன்னு சிலர் சொல்றாங்க. அதைக் கேட்டா எனக்கு ரத்தம் கொதிக்குது." வெர்னா அதை அப்படியே ஏற்றினாள்.

மறுநாள் காலை 'எழுந்து நில்' பதிவின் உச்சியில் பெரிய எழுத்தில் கிடந்தது: "'நம்ம பிள்ளைங்க அங்க வீணா சாகுறாங்க': ராய்ஸ் கிம்பல்." கீழே, 'ஆதாரம்: சொன்னது சொன்னபடி.'

 இரண்டு மணி நேரத்தில் நூறு பதிவுகள் அதை எடுத்துப் போட்டன. மதியம் தொலைக்காட்சியில் வந்தது. ஈராக்கில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் திரையில் கிம்பலைத் திட்டி அழுதாள். அப்போது தொலைபேசி அடித்தது. அனிட்டாவின் பிரசார மேலாளர், காரி ப்ரென்ட்.

"வெர்னா, உங்களை ஒண்ணும் செய்யச் சொல்லலை. சும்மா இருங்க, அது போதும். பதினோரு நாள்தான்."

"அவர் அப்படிச் சொல்லலையே, காரி."

"உங்க பதிவுல முழுசா இருக்குல்ல? வேணுங்கறவங்க வந்து படிச்சுக்கட்டும். போன வருசம் உங்களைப் பொய்க்காரின்னு சொன்ன ஆளுங்க அவரு. அவருக்கா பரிஞ்சு பேசறீங்க?"

"அவருக்குப் பரியலை. அதுக்குக் கீழே என் பக்கத்தோட பேரு போட்டிருக்கு."

தொலைபேசியை வைத்தவள், பதிவு தொடங்கிய பதினைந்து மாதத்தில் முதல் முறையாகத் தன் சொந்த வாக்கியம் ஒன்றை எழுதினாள். 'அவர் அப்படிச் சொல்லவில்லை.' அதன் கீழே முழுப் பத்தி. மூன்று தடவை பிழை விழுந்தது.

சாயங்காலத்துக்குள் ஆயிரத்து நானூறு கருத்துகள். எல்லாம் அவள் பக்கத்து ஆட்கள். 'துரோகி.' 'எவ்வளவுக்கு விலை போனாய்?' 'கிம்பல் வீட்டுச் சமையல்காரி.' புல் வெட்டிக் கொடுத்தவர்களில் ஒருவர்கூட எழுதியிருந்தார்: 'இப்ப ஏன் வெர்னா?' அதுதான் அவளை அதிகம் சுட்டது.

டர்க்குக்கோ பொங்கல் வைக்காத குறை. திங்கட்கிழமை காலை நேரலைக்கு வரும்படி தானே கூப்பிட்டார். லாயிட் தடுத்தான்.

"போகாதக்கா. உன்னை உரிச்சு உப்புப் போட்டுருவான். எனக்குத் தெரியும் அவனை."

"பதினோரு வருசமா சாமின்னு சொன்னே?"

"சாமிதான். அதான் பயமா இருக்கு."

அவள் போனாள், இயந்திரத்தோடு. ஒலிப்பதிவுக் கூடம் அவள் நினைத்ததைவிடச் சின்னது. டர்க் நேரில் மெலிந்த மனிதர். குரல்தான் அவ்வளவு பருமன்.

"நேயர்களே, நம்ம டக்டக் அம்மாவே வந்திருக்காங்க! வணக்கம்மா. உங்க ஆளுங்களே புளுகுனாங்கன்னு எழுதியிருக்கீங்களே, அந்தத் தைரியத்துக்கு ஒரு சலாம். இந்த வலைப்பதிவு ஆளுங்க எல்லாமே வெட்டி ஒட்டறவங்கதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, கேப்போம்."

"சொல்றேங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு படிக்கட்டுமா?"

"உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க."

மடித்து வைத்திருந்த தாளை விரித்தாள். "அக்டோபர் பதினேழு. க்ரூகர் பண்ணைக் கொட்டகை. அனிட்டா ஓல்ஸ்டாட் பேசறாங்க. 'வரியை ஏத்தணும்னு நினைக்கிறவங்க பால் பண்ணைப் பக்கமே வந்திருக்க மாட்டாங்க.' அடுத்தது, அக்டோபர் பத்தொன்பது, காலை ஏழு பன்னிரண்டு, உங்க நிகழ்ச்சி. நீங்க ஒரு டேப் போடறீங்க. அனிட்டா குரல். 'வரியை ஏத்தணும்.' அவ்வளவுதான். அதையே அந்த வாரம் பத்தொன்பது தடவை போட்டீங்க. நான் எண்ணினேங்க. மீதி வாக்கியத்தை எங்க வச்சிருக்கீங்க, டர்க்?"

வானொலியில் மௌனம் என்பது பெரிய விபத்து. ஏழு விநாடி ஒன்றுமே வரவில்லை. கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் இரண்டு கையையும் ஆட்டினாள். டர்க் தண்ணீர் குடித்தார். "நேயர் ஒருத்தர் லைன்ல இருக்காரு," என்று கைக்கு வந்த பொத்தானை அமுக்கினார்.

"டர்க், நான் லாயிட். பால் டேங்கர் லாயிட். வண்டியை ஓரம் கட்டிட்டுப் பேசறேன். பதினோரு வருசமா உங்களைத் தவிர வேற யாரையும் கேட்டதில்லை."

"ஆகா, நம்ம ஆளு! சொல்லுங்க லாயிட்!"

"உள்ள உக்காந்திருக்கறது எங்க அக்கா." டர்க்கின் சிரிப்பு அப்படியே நின்றது. "அரசியல்ல அவ நினைக்கறது அத்தனையும் தப்பு. அதை அவ சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டே அவகிட்ட சொல்லியிருக்கேன். ஆனா எழுதறதுல பொய் எழுதமாட்டா. நம்ம ஆளுக்காக அவ ஆளுங்ககிட்ட இப்படி அடிவாங்கியிருக்கா. நீங்களும் முழு டேப்பைப் போட்டுருங்க டர்க். இல்லேன்னா நாளைக்கு வண்டியில பாட்டுதான் கேக்க வேண்டி வரும்."

டர்க் விளம்பரத்துக்கு ஓடினார். ஆனால் தொலைபேசி விளக்குகள் பன்னிரண்டும் எரிந்துகொண்டே இருந்தன. உரக் கடைக்காரர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர், கிம்பலின் சொந்த ஊர்க்காரர் ஒருவர், எல்லோரும் ஒரே பாட்டு: டேப்பைப் போடு. எட்டு முப்பத்தைந்துக்கு, மிகுந்த சலிப்போடு, முழு வாக்கியத்தையும் போட்டார். வெர்னா அதைக் கேட்டபடியே அடித்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

நவம்பர் 8, புதன் மதியம், கடைசிச் சாவடியின் எண்ணிக்கை வந்தது. அனிட்டா ஓல்ஸ்டாட் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தார். வெர்னாவால்தான் ஜெயித்தார் என்று பாதிப் பேர் சொன்னார்கள். வெர்னாவால் தோற்கப் பார்த்தார் என்று மீதிப் பேர் சொன்னார்கள். காரி ப்ரென்ட் கைகுலுக்கினான், கண்ணைப் பார்க்கவில்லை. 'எழுந்து நில்' தலைப்பைத் திருத்தியது, தேர்தலுக்கு மறுநாள். முப்பதாயிரம் வாசகர்களில் வெர்னாவிடம் தங்கியவர்கள் நாலாயிரம். அதில் ஏறக்குறைய பாதி எதிர்க்கட்சிக்காரர்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. அதைக் கேட்டு அவள் வருத்தப்படவில்லை. சொல்லப்போனால், லாயிட்டிடம் மூன்று நாள் பெருமையடித்தாள்.

டிசம்பரில் மாவட்டக் குழுக் கூட்டம். சாலையில் பனி உருகக் கொட்டும் உப்பைக் குறைக்கலாமா என்பதுதான் அன்றைய பேச்சு. போன வருடம் வரை அந்தக் கூட்டத்துக்கு மூன்று பேர் வருவார்கள்; அதில் ஒருவர் குளிருக்கு ஒதுங்குபவர். இந்தத் தடவை வெர்னா கதவைத் திறந்தபோது உள்ளே நிற்க இடமில்லை. இருநூறு பேராவது இருப்பார்கள். பனிக் காலணியும் கம்பளித் தொப்பியுமாக ஆவி பறந்துகொண்டிருந்தது. மடியில் கணினி வைத்தவர்கள் ஆறு பேர். மூன்று பேர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம், ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு. டர்க்கின் ஆள் ஒலிவாங்கியோடு வந்திருந்தான். ஒருவன் கேமரா வைத்திருந்தான். உப்புக்குக்கூட இரண்டு கட்சி உண்டாகியிருந்தது.

தலைவர் வாயைத் திறப்பதற்குள் கூச்சல் தொடங்கிவிட்டது. "பொய்!" "நீ பொய்!" "எங்க வீட்டுத் திருப்பத்துல வண்டி சறுக்கி விழுந்தது பொய்யா?" "கிணத்துத் தண்ணி கரிக்குதே, அது?" வெர்னா விரல்களை வைத்தாள். மூன்று குரல், ஐந்து குரல், ஒன்பது குரல். யார் என்ன சொன்னார்கள் என்று பிரிக்க முடியவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவள் விரல்கள் முதல் முறையாகத் தோற்றன. பயமாகவும் இருந்தது, உடம்பெல்லாம் துள்ளவும் செய்தது. இத்தனை பேர் உப்புக்காக வந்து கத்துகிறார்களே!

நாற்காலி மேல் ஏறினாள்.

"ஒவ்வொருத்தரா பேசுங்க!" அந்தக் குரல் அவளுக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது. "எல்லாரும் சேந்து கத்தினா எதை எழுதறது? பேரைச் சொல்லுங்க, அப்புறம் பேசுங்க. எனக்கு அவசரம் இல்லை."

அரங்கம் அடங்கியது. யாரோ சிரித்தார்கள். தலைவர், "அம்மா சொன்னது கேட்டுச்சில்ல?" என்றார். வலது மூலையில் ஒரு பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். தொண்டையைக் கனைத்தார்.

வெர்னா உட்கார்ந்து, 'கனைக்கிறார்' என்று அடித்தாள்.